விறைப்பு இறங்கும் நேரம்

பெரியாஸ்பத்திரிப் பல் பகுதி. இலக்கம் நாற்பத்தொன்று.
இடப்பக்கக் கடைவாய் மூன்று இரவாகத் தட்டுகிறது,
கராம்பெண்ணெய்க்கு அது இனி மசியாது.
"கடன்காரரின்ர கோப்பை வாசிச்சு வாசிச்சுப்
பல்லைக் கடிச்சதால வந்தது" என்பது மனைவியின் தீர்ப்பு.

திரைச்சீலைக்கு அப்பால் முதலில் தெரிந்தது கையெழுத்து.
அட்டையில் யாழ்ப்பாணம் என்று எழுதுகையில்
ழகரத்துக்கு ஒரு நீள வால்.
அந்த வாலை எனக்குத் தெரியும்.
நான்கு கடிதங்கள், நான்கும் கையால்,
'கிளை முகாமையாளர் அவர்கட்கு' என்று தொடங்கி
தயவாய் என்ற சொல் ஒன்பது தரம்.

நிலுக்ஷி யேசுரட்ணம், பாஷையூர்.
டாக்காவில் ஐந்து வருடம் பல் மருத்துவம்.
ஈட்டுக்கு ஒன்றரைப் பரப்பும் அதில் நிற்கிற கல்வீடும்,
பிணைக்கு மன்னாரில் ஒரு சித்தப்பா
(அவர் இப்போது தொலைபேசி எடுப்பதில்லை).
முப்பத்தெட்டு இலட்சம், பதினான்கு வீதம்.
தகப்பன் ஒருநாள் ஐஸ் பெட்டியில் பாரை மீனோடு வந்தார்.
மீனை நான் வாங்கவில்லை.
கையொப்பம் வாங்கினேன்.

அவளும் அட்டையை வாசித்தாள்.
முகக்கவசத்துக்கு மேலே கண் ஒருகணம் நின்றது.
"ஆவெண்டுங்கோ, சேர்."

வாயைத் திறந்தபின் என்ன பதவி.

சென்ற வாரம் தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை:
பயிற்சியில் இருக்கும் மருத்துவர், பல் மருத்துவருக்குக்
கடன் நிவாரணம்.
நிவாரணம் என்றால் என் வயதுக்காரருக்கு
மா, சீனி, பருப்பு,
வெயிலில் அட்டையைப் பிடித்தபடி ஒரு வரிசை.
இது மூன்று பக்கம்.
முதல் பக்கத்தில் தவணை நிற்கும்.
மூன்றாம் பக்கத்தின் அடியில், எறும்பளவு எழுத்தில்,
வட்டி நிற்காது.
அவளுக்கான கடிதம் முத்திரை ஒட்டி
என் மேசையில்தான் கிடக்கிறது.

சொல்லிவிடலாம் என்று நாக்கை அசைத்தேன்.
"ஆட்டாதேங்கோ."

ஊசி. பிறகு காத்திருப்பு.
இடது உதடு வேறொருவருடையது ஆகிவிட்டது.
"விறைச்சிட்டுதோ?"
தலையால் ஓம் என்றேன்.
சின்னக் கை. முழங்கையை என் தோளில் ஊன்றி
அசைத்து அசைத்து,
"வேர் முறிஞ்சால் வில்லங்கம்" என்று தனக்குத்தானே சொல்லி
இன்னும் கொஞ்சம் அசைத்து.
எனக்குத் தெரிந்ததெல்லாம் கூரைக் காற்றாடியும்
குனிந்தபோது அவள் கழுத்தில் வெறும் கறுப்பு நூலில் சிலுவையும்.
சங்கிலி எந்த அடகுக் கடையிலோ.
காலையிலிருந்து இது இருபத்தாறாவது பல் என்று
தாதி யாரிடமோ சொன்னது கேட்டது.

தட்டில் பல் விழுந்த சத்தம்.
பழக்கதோசத்தில் என் கை பணப்பைக்குப் போயிற்று.
"இஞ்ச காசில்லை, சேர்."
குத்தலோ என்று முகத்தில் தேடினேன்.
அவள் ஏற்கனவே நாற்பத்திரண்டைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

துண்டில் எழுதித் தந்தது:
வலி நிவாரணி, எட்டு மணித்தியாலத்துக்கு ஒன்று.
"நாலு மணிக்கு விறைப்பு இறங்கும்.
இப்ப சுகம் எண்டு நம்பிப் போடாதேங்கோ."

பஞ்சைக் கடித்தபடி கிளைக்கு வந்தேன்.
கதைக்க முடியாத முகாமையாளர்;
அன்று எல்லோருக்கும் நல்ல நாள்.
உறையைக் கிழித்தேன், நல்ல முத்திரை வீண்.
கடிதத்தின் அடியில் பேனையால்,
கண்ணாடி இல்லாமலும் வாசிக்கிற அளவில் எழுதினேன்:
வட்டி தொடரும்.
மாதம் வட்டியையாவது கட்டவும் என்று சேர்த்தேன்.
எதால் கட்டுவாள்? வெட்டினேன்.
நேரில் வரவும், கணக்கை இருந்து பார்ப்போம்.
இதற்குச் சுற்றறிக்கையில் இடமில்லை.
முத்திரைக் காசு என்னுடையது.

நாலு பத்துக்கு வந்தது, அவள் சொன்னபடி.
முதலில் காதடியில் ஒரு குத்து, பிறகு தாடை முழுவதும்.
கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் கணினி
அன்றைய நாளை மூடிக்கொண்டிருந்தது.
அவள் பெயருக்கு நேரே
ஆயிரத்து நானூற்று ஐம்பத்தேழு ரூபா
ஐம்பத்துமூன்று சதம்.

குளிசை உள்ளங்கையில்.
தண்ணீர் கேட்க வாய் வரவில்லை.