கிக் டிரம்முக்குள் ஒரு தலையணை

களியக்காவிளை சோதனைச் சாவடி. விடிகாலை மூன்றே முக்கால்.
முன்னால் கோழி லாரி, பின்னால் நேந்திரங்குலை வண்டி,
நடுவில் என் எட்டுப் பெட்டிகள்.
திற என்றார்கள்.
சிம்பலைத் தூக்கிப் பார்த்தவர்
பாத்திர வியாபாரமா என்று கேட்டார்.
கடைசியில் கிக் டிரம்முக்குள் தோள்வரை கைவிட்டு
பூப்போட்ட தலையணை ஒன்றைக்
காதைப் பிடித்து வெளியே இழுத்தார்.
'இதெந்தா?'
'சத்தம் கொழகொழன்னு நீளும் சாரே. அமுக்கதுக்கு.'
முகர்ந்தார்.
பதினோரு வருஷத்து மேடைப் புகை.
தும்மிக்கொண்டே கைகாட்டினார், போ.

அது விஜிலாவின் தலையணை.
முதல் டூருக்குப் போன இரவு
கேட்காமல் எடுத்தது.

ஏழு கச்சேரிப் படங்களில் இருக்கிறேன்.
இருக்கிறேன் என்பது கொஞ்சம் பெரிய சொல்.
விஜிலா முந்திரி ஆலையில் தரம் பிரிக்கிறவள்,
முழுசு, பாதி, குருணை என்று
விரல் பார்க்காமலே சொல்லும்.
என்னையும் அப்படித்தான் பிரித்தாள்.
கொச்சிப் படத்தில் வலது முழங்கை: குருணை.
துபாய்ப் படத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால்
பாடகரின் தோளுக்கும் புகைக்கும் இடையில்
பாதி முகம்: பாதி.
கோவைப் படத்தில் ஒரு துண்டு.
வியர்வை துடைக்கிற துண்டு, நான் இல்லை.
அதை எந்தத் தரத்திலும் அவள் சேர்க்கவில்லை.

கோவையில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.
மூன்றாவது பாட்டில் பாடகருக்கு வரி மறந்துபோனது.
முப்பதாயிரம் பேர்.
அவர் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிச் சிரித்தார்,
காதுக்குள் கிளிக் ஓடிக்கொண்டே இருந்தது,
அதை அணைத்துவிட்டு
நாலு சுற்று கூடுதலாக வாசித்தேன்.
பாஸ்காரன் ஆன்ட்ரோஸ் என்னைப் பார்த்தான்,
புருவத்தால் சரி என்றான், சேர்ந்துகொண்டான்.
நாலாவது சுற்றின் கடைசியில் வரி திரும்பி வந்தது.
படத்தில் அந்த நாலு சுற்றும் இல்லை.
எடிட்டர் கெட்டிக்காரர்.
தவறை வெட்டினார், தவறோடு
அதைத் தாங்கிப் பிடித்ததும் போனது.
பார்த்தால், அவர் எதையும் மறக்கவேயில்லை.

ஏழாவது படத்தில் நான் மேடையிலேயே ஏறவில்லை.
ஹைதராபாத்தில் வாசித்தவன் வேறொரு பையன்.
அன்றைக்கு கிக் மைக் செத்துப்போயிற்றாம்.
வழுதக்காட்டில் ஒரு ஸ்டுடியோ, இரவு பதினொன்று,
சுவரில் அவன் காலை மட்டும் ஓட்டினார்கள்.
வெள்ளை ஷூ. இடது நாடா அவிழ்ந்திருந்தது.
பல்லவிக்கு முன்னால் ஒவ்வொரு முறையும்
முடி அளவு முந்துவான்.
நானும் முந்தினேன்.
இருபது வருஷமாக முந்தாதே முந்தாதே என்று
எனக்கு நானே சொன்னதை விட்டுவிட்டு
அவன் அவசரத்தை என் காலில் போட்டுக்கொண்டேன்.
பதினான்கு பாட்டு. இருபத்திரண்டாயிரம், வரி போக.
அவன் பெயரை யாரும் சொல்லவில்லை,
நான் கேட்கவும் இல்லை.

பாறசாலையில் படம் வந்தது.
ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து
வெள்ளைச் சேலையோடே வந்தாள்.
எதில் வருவீங்க என்று கேட்டாள். வரமாட்டேன் என்றேன்.
பின்னே எதுக்கு நூத்தம்பது ரூவா, என்றாள்.
பையனுக்கு நல்ல முடி. கேமராவுக்கு அவனைப் பிடித்திருந்தது.
பாப்கார்னில் உப்பு குறைவு என்று சொல்லிக்கொண்டிருந்தவள்
இரண்டாவது பாட்டில் பேச்சை நிறுத்தினாள்.
கண்ணை மூடியிருந்தாள்.
தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.
நாற்காலிக் கையில்
ஒரு விரல் மட்டும்
முடி அளவு முந்தி
தட்டிக்கொண்டிருந்தது.

'நம்ம தலையணையாக்கும்' என்றாள்.

அப்புறம் பெயர்கள் ஓடின.
என் வரிசை வந்தபோது
முன் இருக்கைக்காரர் எழுந்து
வேட்டியை மடித்துக் கட்டினார்.