மூன்று பள்ளிக்கு ஒரு பெட்டி

ஃபாரோ தீவுகளில் இந்த வாரம்
அணுக்கள் எங்கள் முறை.
படகு வந்தால்.

மூடுபனி இரண்டு நாள் விடவில்லை.
வியாழன் மாலைதான் பெட்டி இறங்கியது,
மீன் தொட்டிகளுக்கு நடுவே,
ஈரக் கயிறு சுற்றி.

மூடியின் உட்புறம் ஹால்வ்தானின் கையெழுத்து:
"ஆக்சிஜன் ஒன்றில் துளை பிளந்துவிட்டது.
ஹைட்ரஜன் எட்டுதான் மிச்சம். கேட்டால்
ஒருவரும் எடுக்கவில்லையாம்."
ஆறு வருடமாய் இப்படி எழுதிக்கொள்கிறோம்.
அவர் நெட்டையா குட்டையா, தெரியாது.

அடியில், கலைக்காமல் அனுப்பிய ஒன்று.
நடுவில் நீலம், அதற்குக் கருப்பில் மூன்று கால்,
காலுக்கு மூன்றாய் வெள்ளை.
அதில் ஒன்று மட்டும் பந்தில்லை, புதினா மிட்டாய்.
பெயர் எழுதவில்லை.
கண்டுபிடியுங்கள் என்று ஒரு சீட்டு.

முக்காலி என்றான் ரோகுர்.
அம்மோனியாவுக்கு அக்கா என்றாள் மார்யுன்,
நெருங்கிவிட்டாள்.
நான் வாயைத் திறக்கவில்லை, ஜன்னலைத் திறந்தேன்.
துறைமுகத்துக் காற்று
வழக்கமான கவுச்சியோடு உள்ளே வந்தது.
பிறந்ததிலிருந்து மூக்கில் இருந்ததை
முதல்முறையாகக்
கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்கள்.

ட்ரைமெத்தில் அமீன் என்று
பலகையில் எழுதித் திரும்புவதற்குள்
ஒன்பதாவது ஹைட்ரஜனை யாரோ தின்றாயிற்று.
கருப்பில் ஒரு குச்சி வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தது,
எதையாவது பற்றிக்கொள்ளத் துடிப்பதுபோல.

திட்டவில்லை. அந்தக் குச்சியே
அடுத்த பாடம் ஆனது.

பெட்டியைக் கட்டுமுன் மூடியில் எழுதினேன்:
"ஹைட்ரஜன் எட்டு, சரிபார்த்தாயிற்று.
இங்கேயும் ஒருவரும் எடுக்கவில்லையாம்.
வகுப்பு முழுக்க புதினா மணம்.
மறுமுறை இரண்டாக வையுங்கள்."