யூனிட்டுக்கு நாலு

பாளையங்கோட்டையில் சார்ஜர் வயரைப் பிடுங்கியபோது
திரை சொன்னது: இருநூற்று நாற்பது.
திருவனந்தபுரம் ஏர்போர்ட் நூற்றைம்பது.
தொண்ணூறு மிச்சம் என்று
ஜெபக்கனி டீச்சரின் மூன்று பெட்டிகளையும்
தாராளமாய் ஏற்றினேன்.
மகளுக்கு மஸ்கட்டில் ஒன்பதாம் மாதம்.
நாலரை மணிக்கு விமானம்.

அந்த இருநூற்று நாற்பது
நேற்றைய நான்.
சமாதானபுரத்துக்கும் மகாராஜநகருக்கும் நடுவே
பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கி
முப்பதைத் தாண்டாமல் உருண்டவன்
வாங்கிய மார்க்.
நான்குவழிச் சாலையை அது பார்த்ததில்லை.
ஆடி மாதத்தையும்.

நூறில் போனேன்.
நாங்குநேரி டோலில் நின்றபோது
திரையில் நூற்றைம்பது.

டீச்சர் கணக்கு டீச்சர்.
ரிட்டயர் ஆகியும் விரல் மடக்கும் பழக்கம் போகவில்லை.
"ஓடினது முப்பது.
குறைஞ்சது தொண்ணூறு.
மீதி அறுபது எங்கப்பா போச்சு, பூலுடையார்?"

வெளியே கையைக் காட்டினேன்.
கருவேல மரங்கள் எல்லாம்
எங்களைப் பார்த்தே வளைந்திருந்தன.
தூக்குவாளி மூடி ஒன்று
சாலையின் குறுக்கே
சொந்தக் காலில் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் நூறுல போறேன் டீச்சர்.
அது நாப்பதுல எதிர்த்தாப்ல வருது.
வண்டிக்கு நூத்தி நாப்பது."

யோசித்தார்கள்.
"பெட்டி ஒண்ணை இறக்கிருவோமா?
கருப்பட்டியே எட்டு கிலோ இருக்கு."

"வேண்டாம். காத்துக்கு எடை தெரியாது.
மூஞ்சிதான் தெரியும்."

"ஏசியை அமத்து அப்ப."

"அது மணிக்கு ஒரு யூனிட்டு.
கண்ணாடிய இறக்கினா
அந்தக் காசைக் காத்து வாங்கிக்கிடும்."

பில்லில் வருமே, அதே யூனிட்தான்.
முப்பது கொள்ளும் என் வண்டி.
ஏழு போய்விட்டது, யூனிட்டுக்கு நாலு கிலோமீட்டராக.
இருபத்து மூன்றில் நூற்றிருபது ஓடவேண்டும்.
டீச்சர் என்னை முந்திச் சொன்னார்கள்:
"யூனிட்டுக்கு அஞ்சே கால்."

எழுபதுக்கு இறங்கினேன்.

பிறகு எல்லாரும் எங்களைத் தாண்டினார்கள்.
வாழைத்தார் லாரி,
நாகர்கோவில் பஸ்,
பின்னால் இரண்டு ஆடு கட்டிய ஒரு ஜீப்.
ஆடுகள் திரும்பிப் பார்த்தன.
"மெதுவாப் போனா விமானம் நிக்குமா?"
"வேகமாப் போனா
காவல்கிணத்துல நாம நிக்கணும்.
முக்கால் மணி நேரம், வயரைச் சொருகிட்டு.
அதுவும் முன்னால ஒருத்தன் சொருகியிருக்கலன்னா."

வள்ளியூர் தாண்டி
அகலமாய் ஒரு லாரி.
காற்றாலை இறக்கை ஒன்றை
படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள்.
ஒரு தெரு நீளம்.
முன்னும் பின்னும் சிவப்புக் கொடிக்காரர்கள்
கொடியைப் பிடிக்கவில்லை, கொடியோடு மல்லுக்கட்டினார்கள்.
அதன் பின்னால் தள்ளி, அறுபதில், கொஞ்ச தூரம்.
திரையில் அந்த எண் முதல் தடவையாக
அசையாமல் நின்றது.
டீச்சர் மூச்சுவிட்டது கேட்டது.

பணகுடிக்கு அப்பால் மலை ஒதுங்கி
காற்றுக்கு வாசல் திறக்கும் இடம்.
ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தேன்.
கண்ணுக்கு எட்டியவரை காற்றாடிகள்,
எங்களிடம் பிடுங்கிய அதே காற்றில்.
"இதுதான் ராத்திரி ஒன் வண்டிக்குள்ள ஏறுனதா?"
"கம்பியில வாரதுல
ஊர்ப் பேரு எழுதியிருக்காதுல்லா டீச்சர்."

ஆரல்வாய்மொழி கடந்ததும் மழைத்தூறல்.
காற்று எங்களை விட்டுவிட்டு
வேறு யாரையோ பிடிக்கப் போயிற்று.

ஏர்போர்ட்டில் பெட்டி இறக்கும்போது
டீச்சர் தலையை உள்ளே நீட்டிப் பார்த்தார்கள்.
பதினொன்று.
"பாஸ்" என்றார்கள்.
மணி ஒன்றே முக்கால்.

சார்ஜ் ஏற்றி முடித்தபோது
திரை நூற்று அறுபதுதான் காட்டியது.
காலையில் பட்ட அடி மறக்கவில்லை அதற்கு.
திரும்பும் வழியில் காற்று முதுகில்.
வண்டியில் நான் மட்டும்.
ஆரல்வாய்மொழியிலிருந்து வள்ளியூர் வரை
எண் குறையவே இல்லை,
இரண்டு கூடவும் செய்தது.
சொல்ல வாயெடுத்து
பக்கத்துச் சீட்டைப் பார்த்தேன்.
கருப்பட்டித் துண்டு ஒன்று,
காகிதத்தில் மடித்து.

இரவு பதினொன்றரைக்கு போன் மினுங்கியது:
"இறங்கியாச்சு. இங்க காத்தே இல்ல.
திரும்பி வரும்போது யூனிட்டுக்கு எத்தனை?"