மூன்றாம் வருகை

பூட்டிய கதவுக்கு என் படிவத்தில்
ஓர் எண் உண்டு: தொண்ணூற்றேழு.
மூன்று முறை தட்டிய பிறகே எழுதலாம்.

எர்ணாவூர் சுனாமி குடியிருப்பு,
லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி.
முதல் நாள் பூட்டு.
அடுத்த முறையும் பூட்டு; கொடியில்
பள்ளிச் சீருடை சொட்டிக்கொண்டிருந்தது.

இன்று ஜெசிந்தா திறந்தாள்,
விரல்களில் இறால் வாசம்.
போன மாத வருமானம்?
"கடலுக்குப் போன நாள் கணக்கா, போவாத நாள் கணக்கா?"
எனக்கிருப்பது ஒரே கட்டம்.

"உனக்கு மாசம் இன்னா குடுக்குறாங்கோ?"
முப்பத்தேழாயிரம். ஆராய்ச்சி உதவித்தொகை.
"போன மாசம்?"
வரவில்லை.
அதற்கு முந்தைய மாதமும்.
டேப்லெட்டை எட்டிப் பார்த்தாள்:
"அப்ப உன்னுதும் சைபர்னு போட்டுக்கோ."

பதில் சொல்பவர் முன்
முகத்தில் எதையும் காட்டாதே என்கிறது கையேடு.
காட்டாமல்தான் இருந்தேன்.
அவள் சிரித்துவிட்டாள்.
பிறகு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்,
கடனைப் பற்றிக்கூட,
கந்துக்காரன் பெயரோடு.
பெயருக்குக் கட்டமில்லை.

இரவு, தண்டையார்பேட்டை அறை.
படியேறும் செருப்புச் சத்தம்
வீட்டுக்காரருடையதுதான்.
விளக்கை அணைக்கிறேன்,
மின்விசிறியையும்.
தட்டுகிறார்.
கொஞ்சம் பொறுத்து, மறுபடி.
இருட்டில் உட்கார்ந்து எண்ணுகிறேன்:
இது அவருடைய
இரண்டாம் வருகை.