உள்வரவு இலக்கம் 412

உடுவிலில் இருந்து இன்று வந்த தபாலில்
சோலைவரி முறைப்பாடு மூன்று,
மதில் சண்டை ஒன்று,
பிறகு, கொப்பித்தாளில்
தரம் மூன்று.

"தவிசாளர் அவர்களுக்கு,
பள்ளிக்கூட ஒழுங்கை மதவு உடைஞ்சு போச்சு.
அடைச்சுக் கிடந்த சொப்பின் பையெல்லாம்
நாங்களே இழுத்து எடுத்திட்டம்.
பாதி எங்கட யூஸ் பைக்கற்றுதான்.
கொங்கிறீற்று மட்டும் தூக்க ஏலாது,
அது உங்கட வேலை.
உள்ளுக்குள்ள ஒரு தவளை இருக்கு.
பாத்துச் செய்யுங்கோ."

இருபத்திரண்டு கையெழுத்து.
நிறோஜிதனுக்கு இடம் போதவில்லை;
தாளின் மறுபக்கம் போய்
'தன்' என்று முடித்திருக்கிறான்.

என் பதிவேட்டில்
வீதி, வடிகால், விளக்கு, கட்டாக்காலி நாய்
எல்லாவற்றுக்கும் நிரல் உண்டு.
தவளைக்கு இல்லை.

அடிமட்டம் வைத்து,
சிவப்புப் பேனையால்
இன்னொன்று கீறினேன்.