புள்ளி முதலில்

தமிழ் மெஷினில் புள்ளியை முதலில் அடிக்க வேண்டும்.
அடித்தால் கேரேஜ் நகராது.
வெறும் தாளில் அது மட்டும்
எதன் தலையென்று தெரியாமல் நிற்கும்.
அப்புறம்தான் அதன் கீழே
எழுத்து வந்து உட்காரும்.
திருப்பாதிரிப்புலியூர் இன்ஸ்டிட்யூட்டில்
மாதம் எட்டு ரூபாய் கட்டிக் கற்றது.

லோயர் பாஸான கையோடு
பெண் பார்க்க வந்தவர்கள்
பாடச் சொல்லவில்லை.
"ஹையரும் முடிச்சிடுமா?" என்றார்கள்.
கேட்ட பதினைந்து பவுன் பத்தானது.
விரலுக்கு அரைப் பவுன் என்று
உள்ளறையில் நின்று கணக்குப் போட்டேன்.
இடது கட்டைவிரலுக்கு மெஷினில் வேலையே இல்லை.
அதற்கும் சேர்த்துத்தான்.

மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீஸ்.
நான், குளோரி, ஜைத்தூன்.
மூன்று மெஷின், ஒரு ஜன்னல்.
யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.
"டைப்பு, இத அடி."
"டைப்பு, மூணு காப்பி."
சத்தம் இருக்கிறவரை நாங்கள் இருக்கிறோம் என்று அர்த்தம்.
நின்றால் சூப்பிரண்டு தலையைத் தூக்குவார்.
பெண்களுக்கென்று ஒரு கக்கூஸ் வர
நாலு வருஷம் ஆயிற்று.
அந்தக் கடிதத்தையும் நான்தான் அடித்தேன்,
பதினோரு நினைவூட்டல்களோடு.

புயலடித்த வருஷம்
தேவனாம்பட்டினத்து நிவாரண லிஸ்ட் வந்தது.
நூற்றுப் பதினான்கு வரி.
மறுநாள் பத்து மணிக்குள் ஸ்டென்சிலில் ஏற்றவேண்டும்.
கோவிந்தன், த/பெ மாசிலாமணி.
நாகமுத்து, த/பெ வீராசாமி.
எண்பதுக்கு மேலே
கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகள்.
லேட் கபாலி மனைவி.
லேட் தேசப்பன் மனைவி.
லேட் சுப்பராயன் மனைவி, கைக்குழந்தை 1.

ஸ்டென்சிலில் ரிப்பன் கிடையாது.
எழுத்து மெழுகைக் குத்திக்கொண்டு போகும்,
அடிப்பது கண்ணுக்குத் தெரியாது.
தெரியாததாலோ என்னவோ
அந்த இடத்தில் கை நின்றுவிட்டது.

வராண்டாவில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.
"உம் பேர் என்னம்மா?"
"கபாலி பொஞ்சாதி."
"உம் பேரு."
பக்கத்திலிருந்தவளைப் பார்த்தாள்,
கேட்டுக்கொண்டு சொல்ல வேண்டும்போல.
"அஞ்சலாட்சி.
ஏன், பேரு இல்லன்னா துட்டு வராதா?"

வரும்.
கபாலியின் அண்ணன் வந்து
கைநாட்டு வைத்து வாங்கிக்கொண்டு போவான்.
அதை அவளிடம் சொல்லவில்லை.
உள்ளே வந்து அடித்தேன்.
ஞவுக்கு ஒரு புள்ளி, டவுக்கு ஒரு புள்ளி,
இரண்டு இடத்தில் கேரேஜ் நகராமல் நின்று
பிறகு நகர்ந்தது.
இப்படி முப்பத்து நாலு பேர்.
குளோரி கேட்டு வந்தாள், ஜைத்தூன் சொல்லச் சொல்ல
ராத்திரி எட்டரை வரை.

"ஒரிஜினல்ல இல்லாதத அடிக்க நீ யாரு?"
சூப்பிரண்டின் குரலுக்கு
கூண்டில் இருந்த ஃபைல்கூட எழுந்து நின்றிருக்கும்.
"டைப்பு சார்.
திருப்பி அடிக்க ஒன்றரை நாள் ஆகும்."
கீழே ஜீப் உறுமிக்கொண்டிருந்தது.
பின்னால் குளோரியின் மெஷின் நின்றது.
ஜைத்தூனுடையதும்.
அந்த அறையில் மின்விசிறி அப்படிக் கிறீச்சிடும் என்பது
அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

வலது ஓரம் அவர் கையெழுத்து.
இடது மூலையில் பொடி எழுத்தில் பெ.நா.
அடித்தவள் யாரென்று குறித்துவைப்பது,
தப்பு வந்தால் பிடிப்பதற்கு.

அஞ்சலாட்சி துட்டு வாங்கினாளா?
வாங்கினாள். திரும்பிப் பார்க்காமல் போனாள்.
அவளுக்கு பஸ் இருந்தது.

அந்த மாதம் சம்பளக் கவரோடு
சர்க்கரைக்கு க்யூவில் நின்றபோது
எங்கள் வீட்டு ரேஷன் கார்டைப் பிரித்தேன்.
கையால் எழுதியது.
குடும்பத் தலைவர்: அவர் பேர், அவர் அப்பா பேர்.
அடுத்த வரி: மனைவி, வயது 31.
எனக்கு இருபத்தேழு.
பேர் எழுத இடம் விட்டிருந்தார்கள்.
அதில் பேனா தொட்டு எடுத்த
ஒரு புள்ளி மட்டும் இருந்தது.