எத்தனை பவுன்

தங்கத்தில்தான் வேலை என்றதும்
கொருக்குப்பேட்டையிலிருந்து அம்மா கேட்டாள்:
எத்தனை பவுன்?
மூன்று மில்லிகிராம், என்றேன்.
போன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஐப்பசி மழை. தரமணி ஆய்வகத்தின் பின்சுவரில்
ஓதம் ஏறிப் பாசி பிடித்திருக்கிறது.
மூலைக்கு ஒன்றாய் நான்கு காலியம்,
விளிம்புக்கு ஒன்றாய் ஆறு ஈந்தணைவி.
கலந்து வைத்துவிட்டு டீ குடித்து வந்தால்
கொத்தனார் இல்லாமல் கூண்டு எழுந்து நிற்கும்.
ஒரு நானோமீட்டர் சொச்சம். கதவு கிடையாது.
சுவர்கள் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், அவ்வளவுதான்.

அதற்குள் ஓர் ஒற்றைத் தங்க அயனி.

வெளியே விட்டால் நிலைக்காது.
தங்கம் தங்கத்தைக் கண்டுவிட்டால் போதும்,
கூடிக் கட்டியாகிக்
குழாயின் அடியில் கரும்பொடியாய் உட்கார்ந்துவிடும்,
உஸ்மான் ரோட்டு லாக்கரில் இருப்பதுபோல
வேலை வெட்டி இல்லாமல்.
தனியாய் இருக்கும்வரைதான் அதற்குக் கை ஓடும்.

உள்ளே வரும் மூலக்கூறு நீளமானது.
நேராய் நிற்க இடமில்லை.
வேளச்சேரி ஷேர் ஆட்டோவில் ஒன்பதாவது ஆளாய்
முழங்காலில் தாடை இடிக்க நான் வருகிற மாதிரி
மடங்குகிறது. தலை வாலைத் தொடுகிறது.
தங்கம் ஒரு முடிச்சுப் போடுகிறது.
வளையம்.
வெளியே இரண்டு நாள் இழுக்கும் காரியம்.

இரவு பதினொன்றரை. என்.எம்.ஆர். அறையில் எபனேசர்
ஹீலியம் அளவைப் பார்த்து முனகுகிறார்.
திரையில், பூஜ்யத்துக்கும் கீழே,
மைனஸ் ஒன்று புள்ளி நான்கில் ஒரு சின்ன மேடு.
காந்தத்தைச் சுவர்கள் மறைப்பதால்
உள்ளிருப்பவர்கள் அங்கேதான் தலைகாட்டுவார்கள்.
"வூட்ல ஆள் இருக்கு மேடம்."

இருக்கிறது, நேற்றிலிருந்து.
அதுதான் சிக்கல்.
எட்டு முறை ஓடிய வினை நின்றுபோய்விட்டது.
வளையம் ஆனபின்னும் வெளியேறவில்லை,
இடம் பிடித்துப்போயிற்று அதற்கு.
நாற்பத்தைந்து டிகிரியில் சூடேற்றிப் பார்த்தேன்,
அசைந்து படுத்துக்கொண்டது.
அடுத்த முறை ஒரு மீத்தைல் கூட்ட வேண்டும்,
உட்கார்ந்தால் உறுத்துகிற இடமாய்ப் பார்த்து.

கடைசி ஷேர் ஆட்டோவும் போயிருக்கும்.
மழை விடக் காத்திருக்கையில் கணக்குப் போட்டேன்:
மூன்று மில்லிகிராம், இன்றைய விலைக்கு
இங்கிருந்து வீடு போகும் ஆட்டோ காசு.
அதை அம்மாவிடம் சொல்லவில்லை.
மறுபடி அழைத்து அவள்தான் கேட்டாள்,
தொலைஞ்சா சம்பளத்துல பிடிப்பாங்களாடி?